காரின் மறுபக்கம்

மத்தியானம் ஒரு மணி. சாட்டிக்குப் போகிற ரோட்டு. ஒரு சனம் இல்லை… ஒரு நாய்கூட இல்லை. பனைகளுக்குள் சோளகக் காற்று இரைகிற சத்தம் மட்டும்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க்கதை என்றால் நடுச்சாமமும் சுடலையும்தான் வரவேண்டுமோ? இது பட்டப்பகலில் தொடங்கியது. கடைசி வள்ளமும் போய்விட்டது. விடியும்வரை இந்த இறங்குதுறை மடத்தை விட்டு ஒருவரும் அசையப் போவதில்லை. அந்த லாம்பைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் கிட்ட வாருங்கள். காற்றோடு போட்டி போட்டுக் கத்திக் கதை சொல்ல முடியாது.

நயினாதீவுக் கடையில் நிற்கிற குருசுமுத்துவைத் தெரியும்தானே… அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் பஸ்ரியாம்பிள்ளை. வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஆனால் இதைப் பற்றி அவரிடம் போய் வாய் திறந்துவிடாதீர்கள்.

அந்த ஒரு மணிக்கு வருவதற்கு முன்னம் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்முடைய தீவுகளில் எங்கே தோண்டினாலும் உவர்தான். அங்கொன்று இங்கொன்றாகத்தான் நல்ல தண்ணீர்க் கிணறு. சாட்டிப் பக்கம் அப்படி ஒன்று இருந்தது. மூன்று குறிச்சிப் பெண்கள் குடத்தோடு அங்கேதான் வருவார்கள். காருக்கோ வேறு வில்லங்கம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தால் ஒரு தரம் போய்வந்தால் கடல் தூவானம் காரெல்லாம் படிந்துவிடும். அன்றன்றைக்குக் கழுவாவிட்டால் கதவின் அடித்தகடு அப்பளம் போல உதிரும்.

பஸ்ரியாம்பிள்ளை அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். இரண்டு வாளி. முதல் வாளி உவர்த்தண்ணீர், அதில் மண்ணும் புழுதியும் போகும். மற்ற வாளி நல்ல தண்ணீர். பழைய சீலைத் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து, கூரையிலிருந்து சில்லு வரைக்கும் ஒற்றி எடுப்பார். காருக்கென்று ஒரு வாளிக்கு மேல் நல்ல தண்ணீரை அவர் தொட்டதில்லை. இருபது வருடமாக அப்படித்தான் கழுவினார்.

கார் அவருடையதில்லை, வேலணைக் குலசிங்கத்துடைய கேம்பிறிஜ் கார். குலசிங்கம் காணி பூமி உள்ள ஆள். பதினாலு வருடம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கார் கழுவுகிற ஒரு மெசினுக்குப் பக்கத்தில் நின்றே அந்தப் பதினாலு வருடமும் போயிருக்கிறது. எழுபத்தெட்டில் திரும்பி வரும்போது, கழித்துவிட்ட பழைய மெசின் ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கொண்டுவந்து எங்கே பூட்டினார்? நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் பத்து முழம் தள்ளி!

தகரக் கொட்டகை. முன்னுக்கும் பின்னுக்கும் தகரக் கதவு. ஒரு பக்கச் சுவரோடு, தனி அறைக்குள், ஒரு ஒயில் எஞ்சின். உள்ளே ஓட்டை போட்ட குழாய்கள், ஆள் உயரத்தில் மூன்று புறுசு உருளைகள். லண்டன் நைலோன் மயிர் உப்புக்காற்றில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பதிலாகத் தேங்காய்த் தும்பைத் திரித்துக் கட்டினார். சோளகம் தண்ணீரை அள்ளி எறியாமல் இருக்க இரண்டு கதவையும் பூட்டிவிடவேண்டும். சாரதி கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளுக்குள் இருக்கவேண்டும். பன்னிரண்டு நிமிடம். இடையில் ஏதும் பிழைத்தால் ஹோர்ன் அடித்தால் போதும். எஞ்சினடியில் நிற்கிற குலசிங்கம் நிற்பாட்டிவிடுவார்.

"கை படாமல் கழுவுது ஐசே. ஓட்டோமற்றிக்! கொழும்பிலையும் உது இல்லை," என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு நாற்பது வாளித் தண்ணீர். நாற்பது! வெளியூர்க் கார்களையும் சேர்த்து நாலு கார் உள்ளே போய் வந்தால் மத்தியானத்துக்குள் கிணற்றில் சேறு தெரியும். பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு ஊற்று ஊறும்வரை வெயிலில் குந்தியிருப்பார்கள்.

அந்தப் பெண்களுக்குள் ஒருத்தி மேரிஜோசப்பின். பஸ்ரியாம்பிள்ளையின் ஒரே தங்கை. கடற்தொழில் செய்கிற இன்னாசித்தம்பியின் பெண்சாதி. கலியாணம் செய்து ஆறு வருடத்துக்குப் பிறகு வயிற்றில் தங்கிய பிள்ளையோடு நின்றாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆள் எவர் என்று தெரியாது. ஒருநாள் குலசிங்கத்தின் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"குடிக்கிற தண்ணியிலை காருக்கு முழுக்கு வாக்கிறியளோ? பிள்ளைத்தாச்சி நான் சேத்துத்தண்ணி அள்ளிக்கொண்டு போறன். உங்கடை தகரம் நல்ல தண்ணியிலை தோயுது!"

அதோடு விட்டாளா? கார் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்த் தகரக் கதவில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"அண்ணை! உள்ளுக்கை ஒளிச்சுக்கொண்டு இருக்கிறியள் என்ன? வெளியிலை வாங்கோ! ரெண்டு வாளியாலை கழுவின மனிசன் நீங்கள். வெக்கமாயில்லையோ?"

பஸ்ரியாம்பிள்ளை வெளியே வந்தபோது இருபது பெண்கள் குடத்தோடு நின்று அவரையே பார்த்தார்கள். அவருக்கு முகத்தில் இரத்தம் ஏறியது. காரை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தங்கையோடு கதைபேச்சு இல்லை. உள்ளதைச் சொன்னால் அவருக்கு அந்தக் கொட்டகை பிடித்துப் போயிருந்தது. உள்ளே வெயில் இல்லை, சோளகம் இல்லை, ஊரின் வாய் இல்லை. தும்பு உருளை தப்… தப்… என்று அடிக்க, தண்ணீர் கண்ணாடியில் வழிய, குளிர்ச்சியாகச் சாய்ந்து கிடக்கலாம்.

இனி அந்த ஒரு மணி.

எழுபத்தொன்பது, ஆனி மாதம். மேரிஜோசப்பினுக்கு நாள் ஒரு மாதம் இருக்கும்போதே பிரசவ நோக் கண்டுவிட்டது. நோவோடு இரத்தம். மருத்துவிச்சி பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள் என்றாள். இன்னாசித்தம்பி கடலில். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம்தான் மாட்டுவண்டிலைப் பிடித்து, அவளை ஏற்றிக்கொண்டு, அந்த ஆளில்லாத ரோட்டால் கொட்டகைக்கு வந்தாள். அந்தப் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரு கார்தான்.

கார் உள்ளே. எஞ்சின் ஓடுகிறது. இரண்டு கதவும் பூட்டு.

சின்னத்தங்கம் முன்கதவில் அடித்தாள். படார்… படார்… படார்… ஒருவரும் வரவில்லை. வண்டிலில் கிடந்தவள் கிடக்கவில்லை. இறங்கிவிட்டாள். தகரத்தைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனாள். பின்கதவில் முகத்தை வைத்துக் கூப்பிட்டாள். அண்ணை… அண்ணை… அவள் போன வழியெல்லாம் தகரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கை அடையாளம் சிவப்பாக இருந்தது.

பன்னிரண்டு நிமிடம் முடிந்துதான் கதவு திறந்தது.

அதற்குப் பிறகு பஸ்ரியாம்பிள்ளை ஓடின ஓட்டத்தை அந்தக் கார் அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. அல்லைப்பிட்டி வெளி கழிந்தது. பண்ணைப் பாலம் ஏறியது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணம் தெரிகிறது… நடுப்பாலத்தில் பின்சீற்றில் முனகல் நின்றுவிட்டது.

சின்னத்தங்கம் பின்னாலிருந்து சொன்னாள்: "மெல்லமாப் போ தம்பி. இனி அவசரமில்லை."

தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது. ஒரு பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கியவர், பஸ்ரியாம்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிற்பாட்டினாராம்.

சவக்காலையில் பெட்டியை இறக்கும்போது பஸ்ரியாம்பிள்ளை மண்ணில் விழுந்து கத்தினார்.

"என்ரை தங்கச்சியைத் திண்டது அந்த மெசின்! வெளியிலை நிண்டு கத்திக் கத்திச் செத்தாளே… எனக்கு ஒரு சத்தம் கேக்கேல்லை! கேட்டிருந்தா நான் பாய்ஞ்சு இறங்கியிருக்கமாட்டனோ!"

ஊர் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? அன்று பின்னேரமே ஆண்களும் பெண்களுமாகப் போய்த் தகரத்தைப் பிய்த்தார்கள். பம்ப் குழாய்க்குள் மண்ணை இறுக்கினார்கள். தும்பு உருளைகளை ரோட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். குலசிங்கத்தைக் கொலைகாரன் என்றார்கள். இதைச் சொல்கிற வாயும் அன்றைக்கு அவரைத் தூஷணத்தால் திட்டிய வாய்தான். குலசிங்கம் தன் வீட்டு வாசல் படலையடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

மூன்றாம் நாள் அவரே பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டுக்கு வந்தார்.

"நான் விட்டது பிழைதான். அந்தக் கிணத்திலை நான் கை வைச்சிருக்கக்கூடாது. எண்டாலும் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். நான் எஞ்சினடியிலை நிண்டனான், எனக்கு ஒண்டும் கேக்க ஏலாது. நீர் உள்ளுக்கை இருந்தனீர். ஒருக்கா ஹோர்ன் அடிச்சிருக்கலாமே?"

"கேட்டாத்தானே அடிக்கிறதுக்கு!" பஸ்ரியாம்பிள்ளை அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் சேர்ந்துதான் விலக்கினார்கள். அத்தோடு குலசிங்கம் காரைக் கிளப்புகிற திறப்பை வேறு ஒரு ஆளின் கையில் பஸ்ரியாம்பிள்ளைக்கே கொடுத்தனுப்பிவிட்டார்.

அதே காரைத்தான் பஸ்ரியாம்பிள்ளை தொடர்ந்து ஓட்டினார். அந்தப் பக்கத்துக்கு வேறு கார் இல்லை. அவருடைய பெண்சாதி கிறேஸ் அப்போது ஐந்து மாதம். அவளுடைய நாள் வரும்போது அவளையும் இதே காரில்தான் கொண்டுபோகவேண்டும். பின்சீற்றை இழுத்துப் போட்டுக் கடலில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, புதிதாக உறை தைத்தார். இனிச் செத்தாலும் கையால்தான் கழுவுவேன் என்று கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணினார்.

கையால் கழுவத் தொடங்கிய பிறகுதான்… அது வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று. பின்னேரம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம். வீட்டுக்குப் பின்னால் பூவரசு மரத்தடியில் காரை விட்டு, இரண்டு வாளியையும் வைத்தார். உவர்த்தண்ணீரால் கழுவி முடித்தார். சீலையை நல்ல தண்ணீரில் நனைத்து வலது பக்கக் கதவில் வைத்தார்.

சரக்… சரக்…

கையை நிற்பாட்டினார்.

சரக்.

மறுபக்கத்தில் அதே சத்தம் ஒரு இழுப்பு பிந்தி நின்றது.

கிறேஸ் என்று நினைத்தார். கூப்பிட்டார். கிறேஸ் குசினிக்குள் இருந்து பதில் சொன்னாள். குனிந்து காருக்கு அடியால் பார்த்தார். மறுபக்கத்தில் கால் இல்லை. பிழிகிற சீலையிலிருந்து விழுகிறமாதிரித் தண்ணீர் மட்டும்… சொட்டு… சொட்டு… மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு ஓடிப் போனார். ஒருவரும் இல்லை. இடது பக்கம் முழுவதும் ஒற்றித் துடைத்துச் சுத்தமாகக் கிடந்தது. ஒரு மணம்… பச்சை இரத்தமும், நோக் கண்ட பெண்களுக்கு மருத்துவிச்சி வயிற்றில் தடவுகிற எண்ணெயும் கலந்த மணம்.

பயந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அழுதார். சந்தோஷத்தில் அழுதார்.

"அவள் எனக்கு உதவிக்கு வாறாள். அவளுக்கு என்னோடை ஒரு கோவமும் இல்லை. கோவமெல்லாம் அந்த மெசினோடைதான்," என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் இடது பக்கத்தில் கை வைப்பதில்லை. அவளுக்கென்று ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு துண்டுச் சீலையும் அந்தப் பக்கம் வைத்துவிடுவார். இந்தப் பக்கம் இவர் கழுவுவார். அந்தப் பக்கம் சரக்… சரக்… கழுவி முடிந்து போய்ப் பார்த்தால் வாளி வெறுமையாக இருக்கும்.

இரண்டு கிழமை போனது. இடது பக்கப் பின்கதவில் பெயின்ற் மங்கத் தொடங்கியது. அந்த ஒரு கதவில் மட்டும். உப்பு என்று நினைத்துத் திரும்பப் பூசினார். மறுநாளே போய்விட்டது. ஒரு கை அகலத்துக்குத் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. மறுபக்கத்துச் சத்தமும் மாறிப்போனது. முந்தி ஒற்றுகிற சத்தம். இப்போது சரட்… சரட்… என்று, அடிப்பிடித்த சட்டியை மண் போட்டுத் தேய்ப்பதுபோல.

குசினி வாசலில் நின்று பார்த்த கிறேஸ், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இது உதவியில்லை. ஆரோ கோவத்திலை தேய்க்கிற தேய்ப்பு. எனக்குப் பயமாக் கிடக்கு. உந்தக் காரிலை நான் ஏறமாட்டன்."

"விசர்க்கதை கதையாதை! அவளின்ரை கோவம் குலசிங்கத்தோடை!"

"அப்ப ஏன் இஞ்சை வந்து தேய்க்கிறாள்?"

அந்தக் கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. மறுநாள் பின்னேரம் என்ன செய்தார் தெரியுமா? காரைக் கொண்டுபோய்க் குலசிங்கத்தின் படலைக்கு முன்னால் நிற்பாட்டினார். வாளிகளை இறக்கினார். ஊருக்கே கேட்கக் கத்தினார்.

"பிள்ளை! உன்னைத் திண்டவன் இஞ்சை இருக்கிறான்! பாத்துக்கொள்! இவன்ரை வாசலிலை வைச்சுக் கழுவு!"

கத்திவிட்டு, வலது பக்கத்தில் சீலையை வைத்துத் தேய்த்தார். மறுபக்கம் சத்தம் இல்லை. இன்னும் தேய்த்தார். சத்தம் இல்லை. சரிதான், படலைக்கு உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தார். அப்போது… சரட்… இந்தப் பக்கம். அவர் கழுவுகிற அதே கதவில். ஈரமும் குளிருமாக ஏதோ ஒன்று அவருடைய கைவிரல் மொளிகளுக்கு மேலால் இழுத்துக்கொண்டு போனது. கையை உதறினார். நாலு மொளியிலும் தோல் இல்லை.

தலையை நிமிர்த்தினால், படலைக்குள் குலசிங்கம் நிற்கிறார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் அவர் பயத்தில் பேசவில்லை, பரிதாபத்தில் பேசினார். அதுதான் பஸ்ரியாம்பிள்ளைக்குப் பொறுக்க முடியாமல் போனது.

"எனக்கும் சத்தம் கேட்டது. நானும் இவ்வளவு நாளா அவ என்னட்டை வருவா எண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இரவிலை நித்திரை இல்லை. ஆனா அவ என்ரை பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்லை ஐசே."

பஸ்ரியாம்பிள்ளை காறித் துப்பிவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி வந்தது. சோளகம் ஓய்ந்துவிட்டது. காற்றில்லாத ஒரு பின்னேரம், ஆறு மணியிருக்கும். அன்றைக்குப் பாலத்தால் இரண்டு தரம் போய்வந்த கார். பூவரசடியில் கழுவிக்கொண்டிருந்தார். மறுபக்கம் சரட்… சரட்… அவருக்கு இப்போது அது பழகிப்போயிருந்தது.

கிறேசுக்குத் துணையாக வந்து நின்ற சின்னத்தங்கம் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள்.

"பஸ்ரியான்! கிறேசுக்கு நோக் கண்டிட்டுது. தண்ணிக்குடமும் உடைஞ்சு போச்சு. காரை எடு, கெதியா!"

சீலையை எறிந்துவிட்டுச் சாரதிப் பக்கக் கதவைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. திறப்பு உள்ளே தொங்குகிறது. பூட்டாத கார். பின்கதவை இழுத்தார். திறக்கவில்லை. சுற்றி ஓடினார். நாலு கதவும் ஒட்டிவைத்தமாதிரி நின்றன. கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படிந்துவந்தது.

சரட்… சரட்… சரட்…

இந்த முறை அது நிற்கவில்லை. அவர் நின்றார், அது நிற்கவில்லை. சின்னத்தங்கத்துக்கும் கேட்டது. அவள் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் கிறேஸ் அலறினாள்.

"பிள்ளை, விடு! கிறேஸ் உனக்கு என்ன செய்தவள்? பாவி, விடு!"

சரட்… சரட்…

"உன்னைக் கொண்டது குலசிங்கம்! அவன்ரை மெசின்!"

இன்னும் கடுமையாகத் தேய்த்தது. பெயின்ற் தூள்தூளாக மண்ணில் விழுவதைச் சின்னத்தங்கம் தன்னுடைய கண்ணால் கண்டாள். கார் ஆடியது.

"எனக்குக் கேக்கேல்லை! மாதாவாணை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை!"

அவர் அதைச் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்குள் கிறேசின் அலறல் முனகலாக இறங்கியது. அந்த முனகலை அவர் ஏற்கெனவே ஒருதரம் கேட்டவர். அதற்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

பஸ்ரியாம்பிள்ளை கண்ணாடியில் நெற்றியை வைத்தார்.

"கேட்டனான்."

சத்தம் நின்றது.

பூவரசமிலைகூட அசையவில்லை.

"கேட்டனான் பிள்ளை. கதவிலை அடிச்சதும் கேட்டது. நீ அண்ணை எண்டு கூப்பிட்டதும் கேட்டது. திரும்பவும் தண்ணிச் சண்டைக்கு வந்திட்டாய் எண்டு நினைச்சன். சனத்துக்கு முன்னாலை என்னை இன்னுமொருக்கா வெக்கப்படுத்தப் போறாய் எண்டு… கத்தட்டும், கத்திப்போட்டுப் போகட்டும் எண்டு… ஹோர்னிலை கை வைச்சிட்டு எடுத்தனான். கண்ணை மூடிக்கொண்டு சாய்ஞ்சு கிடந்தனான்."

கிளிக்… கதவு தானாக விட்டது.

சின்னத்தங்கம் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே… அன்று தகரத்தில் அடித்து அடித்து உள்ளங்கை கிழிந்தவள் அவள். நாலு மாதமாக அவரோடு சேர்ந்து குலசிங்கத்தைத் திட்டினவள். கிறேசைத் தாங்கிக்கொண்டு வந்து பின்சீற்றில் ஏற்றினாள். தானும் ஏறினாள்.

"இவளுக்காக ஏறுறன். கொண்டுபோய் இறக்கினாப் பிறகு உன்ரை முகத்திலை நான் முழிக்கமாட்டன். சகோதரமோ நீ!"

பாலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பேய் வந்து காரை மறிக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் இறங்கி நேரே உள்ளே கொண்டுபோனார்கள். இரவு எட்டரைக்கு ஒரு பெண்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். மாக்கிறேற் என்று பெயர் வைத்தார்கள். சின்னத்தங்கம் ஊருக்கு வந்து நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். ஊர் இந்த முறை தகரம் எதையும் பிய்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. ஒருவர்கூடக் குலசிங்கத்திடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கிணறு ஊறி, நல்ல தண்ணீர் பழையபடி நின்றது. காரின் மறுபக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் மன்னித்துவிட்டாள் என்று பஸ்ரியாம்பிள்ளை ஒரு வருடம் நம்பினார்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிட்டால் திரும்புகிறாள் இல்லை. காது கேளாத பிள்ளையோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் பின்னால் நின்று மணி அடித்தார், திரும்பினாள். கையைத் தட்டினார், திரும்பினாள். கிறேஸ் அறைக்கு வெளியே நின்று மெல்லமாக மாக்கிறேற் என்றாள், சிரித்துக்கொண்டு திரும்பினாள். காதுக்கு ஒரு குறையும் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் டொக்டர்.

பஸ்ரியாம்பிள்ளை பின்னால் நின்று கூப்பிட்டார். பிள்ளை… பிள்ளை… மாக்கிறேற்…

அவள் டொக்டரின் மேசையில் கிடந்த பேனையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. வாய் ஓயாமல் கதைக்கிறாள். மழை தூறினால் முதலில் கேட்பவள் அவள்தான். போன மாசியில் ரோட்டில் மண் அளைந்துகொண்டிருந்தாள். ஒரு லொறி பின்னுக்கு வந்தது. பஸ்ரியாம்பிள்ளை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். நாலு வீடு தள்ளி இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. பிள்ளை நிமிரவில்லை. சின்னத்தங்கம்தான் பாய்ந்து தூக்கினாள். அவர் ஓடிப்போய்ப் பிள்ளையின் தோளைத் தொட்டார். சத்தமில்லாமல் எங்கிருந்தோ வந்த ஆளைக் கண்டமாதிரி அவள் திடுக்கிட்டு வீரிட்டாள்.

அன்று தாயின் மடியில் சோறு தின்னும்போது, எதிரே இருந்து அழுதுகொண்டிருந்த அவரைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாளாம். பிறகு கேட்டாளாம்:

"அம்மா, அப்பா ஏன் எப்பவும் வாயை மட்டும் அசைக்கிறவர்?"